வளையலுக்கு மேலே

திருப்பாதிரிப்புலியூரில் தேரடிப் பக்கம் உள்ள பாத்திரக்கடையில் திருநாவுக்கரசு நிற்கும்போது குக்கர் வாங்க வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. வந்தவர் இரண்டு குக்கரை வைத்துக்கொண்டு எது நல்லது என்று தடுமாறினால், இவர் பேசாமல் உள்ளே போய் மூன்றாவதாக ஒன்றை எடுத்து வந்து நடுவில் வைப்பார். "எங்க வீட்டுல இதாங்க ஓடுது" என்பார். அவர் வீட்டில் ஓடுவது எந்தக் குக்கர் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. மூன்றாவது விற்றுப்போகும். பாதி ஊர் தலையில் பாத்திரம் கட்டிய அந்த மனிதர், பிரஷர் பார்க்கிற ஒரு சின்ன மிஷினை வாங்கத் தெரியாமல் கடலூருக்கும் சிதம்பரத்துக்குமாக அலைந்தார். ஆரம்பத்தில் அது சிரிக்கிற சங்கதியாகத்தான் இருந்தது.

மிஷின் அவருக்கு இல்லை, மகள் பவானிக்கு. அவளுக்குத் தலைப்பிரசவம். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், பிரசவத்துக்கு வந்துவிடுவதாக லீவு சொல்லிவைத்திருந்தார். ஏழாம் மாதம் முடிவதற்குள் வளைகாப்பு போட்டு, பவானியைக் கடலூர் வண்டிப்பாளையத்துத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். எட்டு பிறந்துவிட்டால் பிள்ளைத்தாச்சி வாசலைத் தாண்டிப் பயணம் போகக் கூடாது என்பது திருநாவுக்கரசின் மனைவி சௌந்தரத்தின் சட்டம். அந்த வீட்டில் அவள் சட்டத்துக்கு மேல்முறையீடு கிடையாது. இரண்டு கையும் கண்ணாடி வளையல் குலுங்க வந்து இறங்கிய மகளுக்கு, ஆட்டோ திரும்புவதற்குள் சுற்றிப் போட்டாள்.

கிளம்பும் முன் சிதம்பரத்து டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். பிரஷர் எல்லை ஓரத்தில் நிற்கிறது. மாத்திரையை விடக் கூடாது, வீட்டில் ஒரு மிஷின் வாங்கி வைத்துக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். மேல் நம்பர் நூற்று நாற்பதைத் தொட்டாலும், கீழ் நம்பர் தொண்ணூறைத் தொட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "தலைவலி, கண்ணு மங்கலுன்னா நம்பரே பாக்க வேணாம், ஓடுங்க. தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து" என்றார். திருநாவுக்கரசு தலையை ஆட்டினார். கடையில் தினமும் வாடிக்கையாளர்கள் அவரிடம் ஆட்டுகிற ஆட்டல்தான் அது.

மறுநாளே கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் மிஷின் வாங்கினார். முழங்கைக்கு மேலே புஜத்தில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் காற்று ஏறி இறங்கி நம்பர் காட்டும் வகை. அன்று மாலை பவானிக்குக் கட்டினார். நூற்று ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவை கட்டினார். நூற்று நாற்பத்தாறு. மூன்றாவது தடவை நூற்று நாற்பத்தொன்பது.

"ஒரே ஆளு, ஒரே கை, மூணு நம்பரு" என்றார் திருநாவுக்கரசு. "இதே மாரி ஒரு தராசு இருந்தா கடையில கல்லெடுத்து அடிப்பானுங்க."

சந்தேகத்துக்குத் தன் கையிலும் கட்டிப் பார்த்தார். நூற்று அறுபத்து நான்கு. அவர் சிரித்தே விட்டார். ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை, ஓர் ஊசி போட்டதில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் வேடிக்கை பார்க்க வந்தாள். பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை விழுங்குகிறவள். அவள் கையில் கட்டினால் நூற்று இருபத்திரண்டு.

வழக்கு அத்தோடு முடிந்தது. நோயாளிக்கு நார்மல் காட்டுகிறது, நல்லா இருக்கிறவனுக்கு நோய் காட்டுகிறது. இதைவிட ஒரு பொய் மிஷின் உலகத்தில் உண்டா? மாத்திரை விழுங்குவதால்தான் தங்கம்மாளுக்கு இறங்கியிருக்கிறது, விழுங்காததால்தான் தனக்கு ஏறியிருக்கிறது என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பவானி மட்டும் பட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, பொய்யோ மெய்யோ, மூணு தடவையும் நூத்தி நாப்பதுக்கு மேலதான் இருக்குது. ஒரு எட்டு போயி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமே."

"தப்பு நம்பர எடுத்துக்கிட்டுப் போனா அங்கயே படுக்க வச்சிடுவாங்கம்மா. மொதல்ல நல்ல மிஷினா ஒண்ணு வாங்கறேன். அதுலயும் இதே காட்டுனா போவலாம்."

"எட்டுல எங்கயும் போவ வேணாம்" என்றாள் சௌந்தரம் அடுப்படியிலிருந்து.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திருநாவுக்கரசுக்குப் பயம். போன வருஷம் கடை முதலாளியின் மருமகளுக்குப் பிரஷர் என்று கூட்டிப்போய், அன்றைக்கே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். உள்ளங்கை அளவு பிள்ளை. அதைப் பார்க்கப் போய்விட்டு வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் தெருவைக்கூட அவர் சுற்றிக்கொண்டுதான் போவார். அந்த மிஷின் பொய் சொல்ல வேண்டும் என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டவனுக்கு ஆதாரமா கிடைக்காது?

மெடிக்கலில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். மிஷினைத் தங்கம்மாளிடமே கொடுத்துவிட்டார். நல்ல மிஷின் வேண்டுமென்றால் சர்ஜிக்கல் கடைக்குத்தான் போக வேண்டும் என்று யாரோ சொல்ல, லீவு போட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். டாக்டரம்மாவின் கிளினிக் இருக்கும் அதே தெருவில்தான் அந்தக் கடை இருந்தது.

கடைக்காரர் இரண்டு மிஷினை எடுத்து வைத்தார். இரண்டும் புஜத்தில் கட்டுகிற வகை.

"இதே மாரி ஒண்ணு வாங்கிட்டேங்க. பொய் சொல்லுது. பொய் சொல்லாததா குடுங்க."

கடைக்காரர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு பேசாமல் உள்ளே போய் மூன்றாவதாக ஒன்றை எடுத்து வந்து நடுவில் வைத்தார். மணிக்கட்டில் வாட்ச் மாதிரி கட்டுகிற சின்ன மிஷின், வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எங்க வீட்டுல இதாங்க ஓடுது."

 தன் சரக்கைத் தனக்கே விற்கிறான் என்று திருநாவுக்கரசுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை அந்த மூன்றாவதைத்தான் எடுத்தது. இத்தனை வருஷம் தன்னிடம் வாங்கிப்போன சனங்களுக்கும் இப்படித்தான் தெரிந்திருக்குமோ, தெரிந்தேதான் வாங்கினார்களோ என்று ஒரு நினைப்பு ஓடியது.

கடைக்காரரைக் குறை சொல்லக் கூடாது. "சரியா மணிக்கட்டுல கட்டணும், நெஞ்சுக்கு நேரா வச்சிக்கணும், அசையக் கூடாது" என்று காட்டிக்கொடுத்தார். யாருக்கு என்று கேட்டார். மாசமா இருக்கிற பொண்ணுக்கு என்றதும், "அப்ப டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்குங்க. அவங்களுக்கெல்லாம் புஜத்துல கட்டறதுதான் நல்லதும்பாங்க. எதிர்ல நாலு கட எட்டித்தான் லேடி டாக்டர் இருக்காங்க" என்றும் சொன்னார்.

திருநாவுக்கரசு கிளினிக் படி வரைக்கும் போனார். உள்ளே வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்கலாம். கேட்டால் டாக்டரம்மா முதலில் என்ன கேட்பார்? வீட்டில் எவ்வளவு காட்டியது என்றுதான் கேட்பார். திருநாவுக்கரசு செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். புவனகிரிப் பஸ்களும் சீர்காழிப் பஸ்களும் போன பிறகு கடலூர் பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் பவானியின் கையை நீட்டச் சொன்னபோதுதான் சிக்கல் தெரிந்தது. மணிக்கட்டில் இடமே இல்லை. மணிக்கட்டிலிருந்து பாதி முன்னங்கை வரை சிவப்பும் பச்சையுமாக வளைகாப்பு வளையல். மேலே தள்ளிப் பார்த்தார். கை கொஞ்சம் ஊதியிருந்தது, வளையல் நகரவில்லை.

"நாலு வளையல கழட்டிட்டா கட்டிடலாம்" என்றார்.

"வளகாப்பு வளையல பேறு முடியறதுக்கு முன்னால கழட்டறதா?" சௌந்தரம் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "புள்ள பொறந்து, மருத்துவச்சி கையில கழட்டிக் குடுக்கிற வளையலு அது. இப்ப கழட்டுனா வயித்துல இருக்கறதுக்கு ஆவாது."

பவானி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மிஷினைப் பார்த்தார். கை என்றால் எல்லாம் ஒரே ரத்தம்தானே என்று அவருக்குத் தோன்றியது. வளையல் முடிகிற இடத்துக்கு மேலே, முன்னங்கைச் சதையில் அதைக் கட்டினார். பட்டை எட்டியும் எட்டாமலும் ஒட்டிக்கொண்டது. மிஷின் இரண்டு தடவை தவறு என்று அடையாளம் காட்டியது. மூன்றாவது தடவை முக்கி முனகி ஒரு நம்பர் காட்டியது. நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு.

அந்த நம்பரைப் பார்த்ததும் திருநாவுக்கரசுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனில் படம் பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்பினார். அவர் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் அனுப்பினார். சௌந்தரம் அன்று கேசரி கிளறினாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு நம்பரில் வாழ்ந்தது. விடிந்ததும் வளையலுக்கு மேலே கட்டுவது, படம் எடுப்பது, அனுப்புவது, கட்டைவிரல் வருவது. நூற்றுப் பதினாறு, நூற்று இருபது, நூற்றுப் பதினேழு. சில நேரம் மிஷின் நம்பரே காட்டாமல் அடம்பிடிக்கும். அப்போது நல்ல நம்பர் வரும் வரை கட்டிக் கட்டி அவிழ்ப்பார். நம்பர் நன்றாக இருந்ததால் சௌந்தரம் உப்பில் கைத்தாராளம் காட்டினாள். நாக்கு செத்துப்போச்சு என்று மகள் சொன்னதும் நெத்திலிக் கருவாடு வறுத்துப் போட்டாள்.

பவானியின் வளையல்கள் குலுங்குவது நின்றுபோயிருந்தது. அவள் கூடத்தில் நடந்தால் முன்பு சத்தம் வரும். இப்போது கையோடு ஒட்டி இறுகிப் பேசாமல் கிடந்தன. "கை எப்படிப் பூரிச்சிருக்கு பாருங்க" என்று சௌந்தரம் தங்கம்மாளிடம் பெருமைப்பட்டாள். "ஆம்பளப் புள்ளதான்."

"அம்மா, வளையல் கடிக்குதும்மா" என்றாள் பவானி.

"அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்க."

அடுத்த நாள் தலை வலிக்கிறது என்றாள். உடனே மிஷின் வந்தது. நூற்று இருபத்தொன்று. "ஒண்ணும் இல்லம்மா, வெயிலுதான்" என்றார் திருநாவுக்கரசு. அதற்கு மறுநாளும் வலித்தது. அன்று அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"தங்கம்மா அத்த வீட்டு மிஷினுல ஒரே ஒரு தடவ பாக்கட்டுமாப்பா?"

"பொய் சொல்றத எதுக்கும்மா கேக்கணும்?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மிஷின் சொல்வதையெல்லாம் நம்பிய வீட்டில் அவள் சொல்வதற்கு மதிப்பில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். தன் தலை தனக்கு வலிப்பதைக்கூட அந்த வெள்ளை டப்பா ஒத்துக்கொண்டால்தான் உண்டு. டாக்டரம்மா சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனால் அப்பா கண்ணில் தண்ணீர் வந்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

ஒரு காலை, திருநாவுக்கரசு கடைக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பவானி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். அவரையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, ஒங்க மூஞ்சி பாதிதான் தெரியுது."

அப்போதும் அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? மிஷினைத்தான் எடுத்தார். வளையலுக்கு மேலே கட்டிப் பொத்தானை அழுத்திவிட்டு, சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். நூற்றுப் பத்தொன்பது. நம்பரை அவளிடம் காட்ட வாயெடுத்தபோது அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். சௌந்தரம் ஓடிவந்து மகளைப் பிடித்துக்கொண்டு, "அந்த எழவ தூக்கிப் போட்டுட்டு ஆட்டோவ கூப்புடுங்க" என்று கத்தினாள். எட்டாம் மாதச் சட்டம் அந்த வாசலிலேயே செத்தது.

பெரியாஸ்பத்திரியில் பவானியைப் படுக்க வைத்ததும் நர்ஸ் புஜத்தில் பட்டையைச் சுற்றினாள். நம்பரைப் பார்த்தவள் மறுபடி ஒரு தடவை பார்த்தாள். நூற்று எழுபத்தெட்டு, நூற்றுப் பன்னிரண்டு. உள்ளே பார்த்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இப்பதான் வீட்டுல பாத்தோம். நூத்திப் பத்தொம்போதுதான் இருந்திச்சி" என்று திருநாவுக்கரசு சட்டைப்பையிலிருந்து மிஷினை எடுத்தார். அந்த நேரத்திலும் அதைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"எங்க கட்டுனீங்க?"

அவர் மகளின் முன்னங்கையைத் தொட்டுக் காட்டினார். வளையலுக்கு மேலே. நர்ஸ் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது மணிக்கட்டுல கட்டறது சார். அங்க கட்டுனா அது என்ன வேணா சொல்லும்" என்றவள், பவானியின் கையைத் திருப்பிப் பார்த்தாள். "கை இப்படி வீங்கியிருக்கு, யாரும் பாக்கலயா? ஊசி ஏத்தணும். வளையல எடுங்க."

எடுக்க வரவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டும் ஒன்றுகூட நகரவில்லை. நர்ஸ் ஒரு துணியையும் கத்திரியையும் கொண்டுவந்தாள்.

"ஒடைக்காதீங்கம்மா" என்று சௌந்தரம் கும்பிட்டாள். "கல்யாணமான பொண்ணு கையில வளையல ஒடைக்கக் கூடாதும்மா. அவ புருசன் கடலு தாண்டி இருக்கான்." யார் கையில் எப்போது வளையல் உடைப்பார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். 

"ஒடைக்கச் சொல்லுங்கப்பா" என்றாள் பவானி. "கடிக்குது."

நர்ஸ் துணியைச் சுற்றினாள். திருநாவுக்கரசை முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். துணிக்குள் வளையல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்தக் கையிலிருந்து அத்தனை நாள் கழித்து வந்த சத்தம் அதுதான். சௌந்தரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். துணியை எடுத்தபோது மணிக்கட்டைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. வளையல் போன பிறகும் வளையல் போட்ட மாதிரியே இருந்தது. திருநாவுக்கரசு அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார். தினமும் விடிந்ததும் இந்த வளையலுக்குப் பக்கத்தில்தான் அவர் குனிந்து நம்பர் பார்த்தார். வளையல் நகராததைத் தினமும் பார்த்தார். கண்ணாடி வளையலுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

உடனே ஆபரேஷன் என்றார்கள். கையெழுத்து கேட்ட இடத்தில் போட்டார். கதவை மூடிக்கொண்டார்கள்.

வெளியே சிமெண்டுப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். சௌந்தரம் உடைந்த வளையல் துண்டுகளை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாத திருநாவுக்கரசு அந்த மிஷினை எடுத்தார். தன் இடது மணிக்கட்டில், கடைக்காரர் காட்டிக்கொடுத்தபடி சரியாகக் கட்டினார். நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஒரே தடவையில் நம்பர் வந்தது. நூற்று அறுபத்தாறு.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரமும் எட்டிப் பார்த்தாள்.

"இது யாருது?"

"என்னுது."

சௌந்தரம் மறுபடி அந்த நம்பரைப் பார்த்தாள். "அன்னிக்கும் ஒங்களுக்கு இதே மாரிதானங்க காட்டுச்சி" என்றாள். "அந்த மொத மிஷினு."

"ஆமா."

"அப்ப புள்ளைக்கு காட்டுனதும்..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மிஷினும் நல்ல மிஷின்தான். பொய் மிஷின் எதையும் அவர் வாங்கவே இல்லை. பொய்யை மட்டும், முதல் மிஷின் வாங்கிய நாளிலிருந்து, வீட்டில் வைத்திருந்தவர் அவர்தான்.

கதவு திறந்து நர்ஸ் வந்தாள். பெண் குழந்தை என்றாள். எடை ரொம்பக் கம்மி, பெட்டியில் வைத்திருக்கிறோம் என்றாள். பவானிக்கு டேபிளிலேயே வலிப்பு வந்துவிட்டது, மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் கண் திறக்கவில்லை, நாளைக்கு வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றாள். பார்க்கலாமா என்று கேட்டதற்கு இப்போது முடியாது என்றாள். கதவு மறுபடி மூடிக்கொண்டது.

போன் முனகியது. மாப்பிள்ளையிடமிருந்து செய்தி. காலையில் படம் வரவில்லையே என்று கேட்டிருந்தார். அதற்கு மேலே திருநாவுக்கரசு அனுப்பிய படங்கள் வரிசையாகக் கிடந்தன. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினாறு, நூற்று இருபது. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் ஒரு கட்டைவிரல். திருநாவுக்கரசு நூற்று எழுபத்தெட்டு என்று அடித்தார், அழித்தார். வலிப்பு என்று அடித்தார், அதையும் அழித்தார். எதை எழுதினாலும் மேலே உள்ள படங்களுக்குக் கீழேதான் அது போய் உட்காரும்.

கடைசியில் அவரே போன் போட்டார். வாங்க வந்தவரிடம் ஒரு நாளும் வார்த்தைக்குத் தடுமாறாத மனிதர், மணி அடிக்கிற வரைக்கும் முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் எங்கோ இரும்பு தட்டுகிற சத்தத்துக்கு நடுவில் ஜெயப்பிரகாஷ் எடுத்தார். குரலில் சிரிப்பு இருந்தது.

"சொல்லுங்க மாமா. இன்னிக்கும் நார்மல்தான?"

திருநாவுக்கரசு போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மணிக்கட்டில் மிஷின் இன்னும் கட்டியபடி இருந்தது.